பிசினுக்கு எலும்பு கிடையாது

மகள் ரொட்டியைக் கடித்தாள். சத்தம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமையிலிருந்தே மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பியிலிருந்து சொட்டும் நீர், பிரிட்ஜின் உறுமல், எதிரில் உட்கார்ந்து கருக வாட்டிய ரொட்டியைக் கணவன் நறநறவென்று மெல்லும் ஓசை, அவன் தொண்டைக்குள் தேநீர் இறங்கும் களகளப்பு என்று எல்லாமே அவள் காதில் தனித்தனியாக விழுந்துகொண்டிருந்தன. அத்தனைக்கும் நடுவே மகள் இருந்த இடம் மட்டும் பஞ்சு வைத்து அடைத்ததுபோல் இருந்தது. அதே ரொட்டிதான், அதே கருகல்தான். கடிக்கிறாள், வாய் அசைகிறது, தொண்டை ஏறி இறங்குகிறது. ஓசை மட்டும் இல்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மகள் அப்பாவின் வாயையே இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் அடுத்த துண்டைக் கடித்தபோது சத்தம் வந்தது. நறநற. அவனுக்கு மெல்லும்போது வலது தாடையில் சின்னதாக ஒரு சொடுக்குச் சத்தம் கேட்கும். அதுவும் வந்தது, பதினோரு வயதுப் பெண்ணின் வாயிலிருந்து.

"என்ன வாண்டு, அப்பன் மாதிரியே அரைக்கறே?" என்று அவன் சிரித்தான்.

மகளும் சிரித்தாள். அவன் சிரித்து முடித்த பிறகு.

ஏதோ விபரீதம் என்று நினைத்ததற்காக அம்மா தன்னையே திட்டிக்கொண்டாள். தெருக்கோடியில் இருக்கும் எலும்பு டாக்டரின் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே மேஜை, அதே பழைய மெஷின். நாள் முழுக்க அடுத்தவர் உடம்புக்குள் ஓட்டையும் விரிசலும் தேடுகிறவளுக்கு வீட்டிலும் அதே புத்தி என்று கணவன் கேலி செய்வான். அவன் ஏசி மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்த்தால்தான் நம்புவான். "உன் கண்ணுல மாட்டினா சாம்பார் கரண்டிக்குக்கூட எலும்பு முறிஞ்சிருக்கும்" என்பான்.

ஆனால் இரண்டு நாளாகவே ஏதோ சரியில்லை. மகளின் கையடக்க விளையாட்டுப் பெட்டி சார்ஜ் இல்லாமல் சோபாவின் இடுக்கில் கிடந்தது. அதைக் கையிலிருந்து பிடுங்கித்தான் அவளுக்குச் சோறு ஊட்ட வேண்டியிருக்கும். குளிக்கப் போனால்கூட கதவிடுக்கில் அதன் டிங் டிங் கேட்கும். காட்டிலும் குகையிலும் அலைந்து விதவிதமான ஜந்துக்களைப் பிடித்து வளர்க்கும் விளையாட்டு. நூற்றுக்கணக்கில் பிடித்து வைத்திருந்தாள். தீயைத் துப்புவது ஒன்று, இடியைக் கக்குவது ஒன்று. எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவள் உயிரை வைத்திருந்தது சாம்பல் நிறத்தில் களி உருண்டைபோல் கிடக்கும் ஒன்றின் மேல். எதிரே எது நின்றாலும் அதுவாகவே மாறிவிடும். விளையாட்டில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர். மகள் அதைப் பிசின் என்று கூப்பிட்டாள். பள்ளிக்கூடப் பை, அலமாரிக் கதவு, கட்டில் கால் என்று பென்சில் படும் இடமெல்லாம் பிசின்தான்.

"இவ்ளோ அழகான ஜந்து எல்லாம் இருக்கும்போது இந்தச் சளியைப் போயி..." என்று ஒருமுறை அவள் கேட்டிருந்தாள்.

"பாவம்மா அது. அதுக்குன்னு ஒரு உருவமே இல்ல. யாரப் பாத்தாலும் அவங்களா ஆயிடும். அதுவும் பாத்தது மட்டும்தான். பாக்காத எடத்துல எல்லாம் வெறும் பிசின்."

இப்போது அந்தப் பெட்டியைச் சார்ஜில் போட்டுக் கொண்டுவந்து மகளிடம் நீட்டினாள். மகள் வாங்கி, ஒளிரும் திரையில் குதித்துக்கொண்டிருந்த சாம்பல் உருண்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது நல்லா இல்ல" என்று திருப்பிக் கொடுத்தாள்.

மதியம் மாடியறையில் மகளைத் தலை வாரிவிட உட்கார்த்தினாள். மழையில் வீடு முழுவதும் ஈரத்துணி வாடை. அதற்குக் கீழே இன்னொரு வாடை, மழை நின்ற பிறகு சாக்கடை மூடியைத் திறந்தால் எழுமே, அந்த மாதிரி. மகளின் கூந்தலிலிருந்துதான் வந்தது. சீப்பு வழுக்கிக்கொண்டு போனது. உச்சியில் வகிடு எடுத்தபோது தோல் தெரிந்தது. பிடரிப் பக்கம் முடியைத் தூக்கியபோது அங்கே முடி முளைத்திருக்கவில்லை. மேலிருந்து தொங்கிய முடிக்குக் கீழே, காதுக்குப் பின்னால், வழவழவென்று சாம்பல் பூத்த எதுவோ. அவள் விரல் பட்டது. விரல் கொஞ்சம் உள்ளே போயிற்று.

கையை இழுத்துக்கொண்டாள்.

"என்னம்மா" என்றது குழந்தை. திரும்பாமல்.

அவள் கீழே கூடத்துக்கு இறங்கிப் போய்க் கணவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அவ தலையைப் பாருங்க. பின்னாடி. பாருங்க" என்று மட்டும் சொன்னாள். அவன் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "பேன் வந்திருக்கும்டி" என்று எழுந்தான். "வாண்டு, இங்க வா பாப்போம்."

மகள் படிக்கட்டின் உச்சியில் வந்து நின்றாள். முதல் படியில் கால் வைத்தாள். அந்தக் கால் மடங்கிய விதத்தை அவனும் பார்த்தான். முட்டி எதிர்த்திசையில், பின்பக்கமாக மடங்கியது. அடுத்த நொடி குழந்தை படிகளில் உருண்டு கீழே வந்து விழுந்தது. அத்தனை படிகளிலும் ஒரு தடக் சத்தம்கூட இல்லை. ஈர மாவு விழுவதுபோல் தொப், தொப், தொப்.

இடது கை முழங்கைக்குக் கீழே வளைந்து முதுகுக்கு அடியில் போயிருந்தது. மகள் அழவில்லை. இருவர் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மாவின் வாய் கோணுவதைப் பார்த்தாள். பிறகு தன் வாயை அதேபோல் கோணி, அம்மாவின் குரலில் அழுதாள்.

அவன் அதற்குள் வாரித் தூக்கிவிட்டான். காலையில் செய்த கேலியெல்லாம் முகத்தில் இல்லை. "கிளினிக்கைத் திற. டாக்டர் மாடியிலதான் இருப்பார். வா, வா" என்று மழையில் ஓடினான். அவள் பின்னால் ஓடினாள். அவன் தோளுக்கு மேலே அந்த முகம் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தது. மழை அதன் கண்ணுக்குள் விழுந்தது. கண் மூடவில்லை.

கிளினிக்கில் வேறு யாரும் இல்லை. எலும்பு டாக்டர் லுங்கியோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார். வளைந்த கையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "முதல்ல ஒரு படம் எடும்மா. பயப்படாதே, பசங்க எலும்பு பச்சைக் குச்சி மாதிரி. ஒட்டிக்கும்." கணவனைத் தாழ்வாரத்தில் உட்காரச் சொன்னார்.

அவள் மேஜையில் கையை நீட்டி வைத்தாள். தொட்ட இடமெல்லாம் சூடாகத்தான் இருந்தது. யாரோ பிடித்துப் பிடித்துச் சூடாக்கிய சூடு. ஈயக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினாள். மெஷின் முனகி ஓய்ந்தது.

அந்தக் கிளினிக்கில் இன்னும் பழைய பிலிம்தான். இருட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சிவப்பு விளக்கின் மங்கலில் அவள் பிலிமை மருந்துத் தொட்டியில் இறக்கினாள். மூக்கைக் குத்தும் அந்த மருந்து வாடை அவளுக்குப் பழக்கமானது, தன் சமையலறை வாடையைவிடப் பழக்கமானது, அதில்தான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. பிலிம் கறுத்தது. இடது பக்கம் என்று காட்ட ஓரத்தில் வைக்கும் ஈய எழுத்து பளிச்சென்று விழுந்திருந்தது. ஆகவே மெஷினில் கோளாறில்லை. கையின் வடிவம் விழுந்திருந்தது. ஐந்து விரல், மணிக்கட்டு, முன்கை. நீர் கலந்த பால்போல் சீரான சாம்பல்.

உள்ளே எலும்பு இல்லை. ஒன்றுகூட இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் மகளின் குரல் கேட்டது.

"இது என்ன டாக்டர்?"

"அதுவா? ஒரு பெயிண்டரோட கை. சாரத்துலருந்து விழுந்துட்டான். பாரு, உள்ள தகடு வச்சு ஸ்க்ரூ போட்டிருக்கேன்."

"வெள்ளையா இருக்கறது?"

"எலும்பு."

"எல்லார் உள்ளயும் இருக்கா?"

"இல்லாமலா? அது இருக்கறதாலதான் நாம நிக்கறோம்."

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வெளிச்சப் பெட்டியில் மாட்டியிருந்த பிலிமுக்கு மூக்கு முட்டும் அளவுக்குப் பக்கத்தில் அது நின்றுகொண்டிருந்தது. அதன் முகத்தில் வெள்ளை வெளிச்சம். கோயிலில் நிற்பவர்கள் முகம்போல இருந்தது.

டாக்டர் ஈரப் பிலிமை வாங்கித் தூக்கிப் பார்த்தார். "என்னம்மா இது, சரியா விழல. இன்னொண்ணு எடு."

எடுத்தாள். முடியாது என்று சொல்லியிருக்கலாம். பிள்ளையைத் தூக்கி வந்தவன் வெளியே தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறான், டாக்டர் காத்திருக்கிறார், கைகள் பழகிய வேலையைத் தாமாகவே செய்தன. இரண்டாவது பிலிமையும் இருட்டறையில் கழுவினாள்.

இந்த முறை எலும்பு இருந்தது.

சின்னஞ்சிறு கையின் சாம்பல் வடிவத்துக்குள் ஒரு வளர்ந்த ஆளின் எலும்புகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. மணிக்கட்டுக்கு மேலே ஓர் உலோகத் தகடு. அதில் வரிசையாகத் திருகுகள். மோதிர விரலில், வீங்கிப்போய்க் கழற்ற முடியாமல் அப்படியே படமெடுத்த பெயிண்டரின் மோதிரம்.

பிலிம் அவள் கையிலிருந்து தொட்டிக்குள் நழுவியது.

வெளியே வந்தபோது டாக்டர் மேஜையோரம் குனிந்திருந்தார். "கையைக் காட்டு பாப்பா, எங்க வலிக்குதுன்னு..."

"நீங்க காட்டுங்க" என்றது அது.

அவர் மணிக்கட்டைப் பிடித்தது. விளையாட்டாகத்தான் என்று நினைத்தார் போலிருக்கிறது, சிரித்தார். அது கட்டைவிரலை அவர் முழங்கையின் உள்பக்கம் வைத்து, தபால் உறையைக் கிழிப்பதுபோல் மணிக்கட்டு வரை ஒரே இழுப்பாக இழுத்தது.

சிரிப்பு அவர் முகத்திலேயே தங்கிவிட்டது. பிறகுதான் சத்தம் வந்தது. அவள் அதுவரை எந்த மனிதரிடமிருந்தும் கேட்டிராத சத்தம். ரத்தம் மேஜையில் கொட்டி, பிலிம் வைக்கும் கேசட்டின் மேல் பரவி, தரையில் சளசளத்தது. அது அவர் கையை வெளிச்சப் பெட்டியின் பக்கமாகத் திருப்பிப் பிடித்து, பிலிமையும் அதையும் மாறி மாறிப் பார்த்தது.

"வெள்ளையா இல்லயே" என்றது. ஏமாற்றத்தோடு.

பிறகு தோளைப் பார்த்தது. கழுத்தைப் பார்த்தது.

கணவன் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான். என்ன பார்த்தானோ, எதைப் புரிந்துகொண்டானோ, மகளை அங்கிருந்து இழுத்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது. பின்னாலிருந்து இடுப்போடு கட்டிப் பிடித்தான். அவன் கைகள் முழங்கை வரை உள்ளே போயின. இழுத்தான். வரவில்லை. மீண்டும் இழுத்தான். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்த பார்வையில் கேள்வி இல்லை. கழற்றிப் பார்த்தாயிற்று.

டாக்டரிடம் இப்போது சத்தம் இல்லை.

அவள் ஈயத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என் பொண்ணு எங்க?" என்று கேட்டாள். அவள் குரல்தான், ஆனால் எங்கோ தூரத்தில் கேட்டது.

அது தலையை மட்டும் திருப்பியது. முழுவதுமாக. அவன் நெஞ்சோடு ஒட்டியிருந்த முதுகுப் பக்கம் வரைக்கும்.

"மொட்டை மாடில. தண்ணித் தொட்டி ரூம்ல." நல்ல பிள்ளையாகப் பதில் சொன்னது.

"போ" என்றான் கணவன்.

"நீங்க..."

"போன்னு சொல்றேன்ல. கதவைச் சாத்திட்டு வெளில தாழ்ப்பாள் போடு. போய் அவளைப் பாரு."

எக்ஸ்ரே அறைக் கதவு ஈயம் வைத்தது, கனமானது. தினம் எத்தனையோ முறை தோளால் தள்ளிச் சாத்துகிற கதவு. அன்று அது அவள் தள்ளுவதற்கு முன்பே நகர்ந்ததுபோல் இருந்தது. இடுக்கு குறுகியது. கடைசியாகத் தெரிந்தது அவன் முகம். அவளைப் பார்க்கவில்லை. கன்னத்தை அந்தக் கன்னத்தோடு வைத்து, அதன் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

தாழ்ப்பாளைப் போட்டாள்.

"இங்க பாரு வாண்டு" என்று உள்ளே அவன் சொல்வது கேட்டது. நடுங்காத குரல். மகளுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் பேசுவானே, அந்தக் குரல். "அங்க எல்லாம் பாக்காதே. அப்பாவைப் பாரு. அப்பாவை மட்டும் பாரு."

அது பார்க்க ஆரம்பித்தது. அவள் ஓடினாள்.

தெரு. மழை. செருப்பு எங்கோ போய்விட்டது. வீட்டுக் கதவு திறந்தபடியே கிடந்தது. படிகள், பிறகு இரும்பு ஏணி, பிறகு மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், ஆள் குனிந்து நுழையும் உயரத்தில், பழைய பெயிண்ட் டப்பாக்கள் போட்டு வைக்கும் அறை. வெளியே தாழ்ப்பாள். அவள் விரல்கள் வழுக்கின. நகம் பெயர்ந்தது. திறந்தது.

மகள் மூலையில் சாக்கை விரித்துச் சுருண்டு படுத்திருந்தாள். சுற்றிலும் பிஸ்கட் காகிதம். உதடு வெடித்திருந்தது. வெளிச்சம் கண்ணில் பட்டதும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "நீயா, அதுவா?" என்றாள்.

அவள் மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பிடரியில் கைவிட்டுத் துழாவினாள். முடி. அழுக்கும் வேர்வையும் சிக்குமாக முடி. வாயைத் திறக்கச் சொல்லி விரலை விட்டுக் கடைவாய்ப் பல்லைத் தொட்டாள். கையை, விலாவை, முதுகுத் தண்டை, ஒவ்வோர் எலும்பாக அழுத்திப் பார்த்தாள்.

"வலிக்குதும்மா."

"வலிக்கட்டும். வலிக்கட்டும் கண்ணு."

மகள் விக்கி விக்கிச் சொன்னாள். மழைத் தண்ணீர் போகும் குழாயில் அது அடைத்துக்கொண்டு கிடந்ததாம். பார்த்ததுமே பிசின் என்று தெரிந்துவிட்டதாம். பிஸ்கட் போட்டாளாம். அது அவளாக மாறியபோது அவளுக்குக் கைதட்டத் தோன்றியதாம். "கணக்குப் பரீட்சை இருந்துச்சும்மா. நீ ஒரு நாள் நானா போயிட்டு வா, நான் இங்க ஒளிஞ்சுக்கறேன்னு சொன்னேன். அது தாழ்ப்பாள் போட்டுடுச்சு. கத்தினேன், மழையில யாருக்கும் கேக்கல. அது என்னை ஒண்ணும் பண்ணலம்மா. வந்து வந்து பாத்துட்டுப் போகும், அவ்ளோதான்." பிறகு கேட்டாள். "அப்பா எங்க?"

கீழே வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. எக்ஸ்ரே அறைத் தாழ்ப்பாளைப் போட்டது அவளுக்கு நினைவு வந்தது, அந்தக் கதவுக்கு அடியிலிருந்த இடுக்கும் நினைவு வந்தது.

படியில் காலடி. கனமான, நிதானமான, எலும்பு உள்ள காலடி. அவள் பன்னிரண்டு வருடமாகக் கேட்டுப் பழகிய நடை. மகளின் முகம் மலர்ந்தது. "அப்பா" என்று எழப் போனவளை வாயைப் பொத்தி அழுத்தினாள். கதவை உள்பக்கம் இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாளைத் தேடிக் கை அலைந்தது. மேலே. கீழே. உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை.

இரும்பு ஏணி அதிர்ந்தது. ஒரு படி. இன்னொரு படி.

நின்றது.

மழை மட்டும்.

பிறகு கதவு, கோபமில்லாமல், மெதுவாகத் திறந்துகொண்டது. மழை மேகம் விலகிய பக்கத்திலிருந்து சாயங்கால வெளிச்சம் மொட்டை மாடியெங்கும் மஞ்சளாகக் கிடந்தது. அந்த வெளிச்சத்தில் அவள் கணவன் நின்றுகொண்டிருந்தான். அவனுடைய உயரம், அவனுடைய நெற்றி, சிரிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் ஏறும் அவனுடைய உதடு. தொண்டையிலிருந்து அடிவயிறு வரை திறந்திருந்தது, கடைசியாக அவன் எப்படிப் பார்க்கப்பட்டானோ அப்படியே. விலா எலும்புகள் ஜன்னல் கதவுபோல் இரண்டு பக்கமும் விரிந்து, உள்ளே ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில், ஒன்றுகூடக் குறையாமல்.

அவள் மகளின் கண்களை உள்ளங்கையால் மூடினாள். கைக்கு அடியில் இமைகள் படபடத்தன.

"அம்மா" என்றது அது, மகளின் குரலில். "இப்போ சரியா வந்திருக்கா?"

அது கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு, சரியாகத் தெரியவில்லை போலும் என்று நினைத்ததுபோல், மார்புக்குள் கைவிட்டு, துடித்துக்கொண்டிருந்ததை இரண்டு கைகளிலும் ஏந்தி, வெளிச்சத்தின் பக்கமாக உயர்த்திப் பிடித்தது.